அம்மி தோட்டத்துக்குப் போன கதை

திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் பிரியும் தெருக்களில் கொஞ்ச தூரம் நடந்தால், மூன்று காலத்து வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். முதல் வகை, நாட்டு ஓடு போட்ட தாழ்ந்த வீடு. மரத்தூண் தாங்கும் திண்ணை, உத்திரத்தில் செருகிய கோரைப்பாய், வாசலில் துணி துவைக்கும் கருங்கல். இரண்டாவது வகை, 1990-களுக்குப் பிறகு எழும்பிய மாடி வீடு. வழுக்கும் கிரானைட் தரை, அலுமினிய ஜன்னல், எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி, முகப்பில் டைல்ஸில் பதித்த அண்ணாமலையார். மூன்றாவது வகை அண்மையில் கட்டியது. ஆனால் பார்வைக்கு முதல் வீட்டைவிடப் பழையது. செட்டிநாட்டுக் கதவு, சுண்ணாம்புச் சுவரில் பதித்த சோடா பாட்டில் அடிப்பாகங்கள், பழைய சேலையில் தைத்த திரை, ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்ட அல்லி.

மூன்றாவது வீட்டில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை, ஏதோ ஓர் ஊரில் முதல் வகை வீட்டை இடித்து இரண்டாவது வகை வீட்டைக் கட்டியபோது வெளியே தள்ளப்பட்டவை. நடுவில் சில பத்தாண்டுகள், ஒரு காயலான் கடை, கணிசமான வண்டி வாடகை. பழசு திரும்பி வந்துவிட்டது. ஆனால் போன இடத்துக்கு வரவில்லை, செய்த வேலைக்கும் வரவில்லை.

கொட்டாங்குச்சியும் கைத்தடியும்

இந்தப் பகுதியில் கைவேலையைப் பற்றிப் பேசுகிறவர் யாரானாலும் ரமணரிடமிருந்துதான் தொடங்கியாக வேண்டும். 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை வந்தவர், கோயிலிலும் குருமூர்த்தத்திலும் பவளக்குன்றிலும் விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் இருந்துவிட்டு, 1922 மே மாதம் தாயார் அழகம்மாள் காலமான பிறகு அவருடைய சமாதி அருகே மலையடிவாரத்துக்கு இறங்கி வந்தார். ஆசிரமம் அங்கே கீற்றுக் கொட்டகையாகத்தான் தொடங்கியது. ஊர் வேறு, ஆசிரமம் வேறு என்று இருந்த காலம் அது. நடுவில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு வெட்டவெளியும் மரங்களும்.

அங்கே எதுவும் குப்பைக்கு எளிதில் போகவில்லை. ரமணர் கொட்டாங்குச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாகவும் கரண்டியாகவும் ஆக்குவார். தபாலில் வந்த தாள்களில் எழுதாத பகுதியைக் கத்தரித்துச் சேர்த்துத் தைத்துச் சின்ன நோட்டுப் புத்தகமாக்குவார். கட்டடங்கள் எழும்பியபோது மேற்பார்வை பார்த்த அண்ணாமலை சுவாமிக்கு அவர் வரைந்து கொடுத்த திட்டங்களும் துண்டுக் காகிதத்தில்தான். ஒருமுறை கிழிந்த கோவணத்தைத் தைக்க முள்ளையே ஊசியாகவும் அந்தத் துணியிலிருந்தே உருவிய இழையை நூலாகவும் வைத்துக்கொண்டார் என்று அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மலையில் கிடந்த முள்கட்டையை எடுத்து, முள் சீவி, கணு செதுக்கி, சொரசொரப்பான இலையால் தேய்த்துப் பளபளவென்று ஒரு கைத்தடி செய்துமுடித்தாராம். அந்தப் பக்கம் வந்த ஆடு மேய்க்கும் பையன் தன் கோலைத் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்த்ததும் உடனே அதை அவனிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கதையில் நான் கவனிப்பது தியாகத்தை அல்ல, கோல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை. அவ்வளவு நுணுக்கமாக இழைத்த பொருள் சுவரில் மாட்டப்படவில்லை. ஆடு ஓட்டப் போனது. உடம்பைப் பற்றிப் பேசும்போது அவர் காட்டிய உதாரணமும் இதே கணக்குத்தான்: தையல் இலையை எவ்வளவு அக்கறையாகத் தைத்தாலும் சாப்பிட்டு முடித்ததும் அது வெளியே போகும். செய்யும்போது முழுக் கவனம், உபயோகம் முடிந்ததும் பிடிவாதம் இல்லை.

ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் குடியேறிய அன்பர்களின் வீடுகளும் அப்படித்தான் இருந்தன. 1936-இல் வந்த எஸ்.எஸ்.கோஹன் அங்கே கட்டிக்கொண்டது ஒரு மண் குடிசை. அதே காலத்தில் மேஜர் சாட்விக் ஆசிரமத்துக்குள் சிறு குடில் ஒன்றில் தங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மண்சுவருக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் பழகிக்கொண்டார்கள். இன்று ‘எளிய அழகு’ என்ற பெயரில் வடிவமைப்பாளர்கள் விலைக்கு விற்பது, அன்று வேறு வழி இல்லாததால் வந்த எளிமை.

வீட்டுக்குள்ளேயே சுற்றிய பழசு

ஊருக்குள்ளும் சுற்றுக் கிராமங்களிலும், அடிஅண்ணாமலையிலும் அத்தியந்தலிலும் வேங்கிக்காலிலும், பழைய பொருளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு படிவரிசை இருந்தது. கல்யாணப் பட்டு, பண்டிகைப் பட்டாகும். ஓரம் நைந்தால் பெண்ணுக்குப் பாவாடையாகும். நூல் சேலை என்றால் தூளியாகும், பிறகு பல மடிப்பாகத் தைத்து குழந்தைக்கு விரிப்பாகும், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகும். உடைந்த கட்டில் சட்டம் பரண் பலகையாகும். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது வாசல் நிலையைப் பத்திரமாகக் கழற்றி எடுத்துப் புது வீட்டில் வைப்பார்கள். தாத்தா காலத்து நிலை என்றால் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தபின்தான் கை வைப்பார்கள்.

இதற்கெல்லாம் தெருவில் ஆள் வந்தது. அம்மி கொத்துகிறவர் வருவார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். பஞ்சு மெத்தை அடிக்கிறவர் வில்லோடு வருவார். பிரம்பு நாற்காலியின் அறுந்த பின்னலைச் சரிசெய்கிறவர் வருவார். சரிசெய்யவே முடியாததை வாங்கப் பாத்திரக்காரர் வருவார்: நான்கு பழைய சேலைக்கு ஓர் எவர்சில்வர் தூக்கு, பேரம் படிந்தால் கூட ஒரு டம்ளர். ஜரிகைச் சேலையை எடுக்கத் தனியாக ஆள் வருவார். பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அலங்காரம் என்று தனியாக எதுவும் இல்லையா என்றால், இருந்தது. தரையில் கோலமும் செம்மண் பட்டையும், நிலையில் மாவிலைத் தோரணமும், மாடக்குழியில் விளக்கும் அன்றாடத்தின் அலங்காரம். அதற்கு மேல், 1970-களிலிருந்து கண்ணாடி ஷோகேஸ் என்ற புது அதிசயம் நடுத்தர வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. அதை நிரப்பியது பெண்களின் கைகள். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒன்றோடு ஒன்று கோத்த தோரணம், ஒயரில் பின்னிய கூடை, மணியில் கோத்த நாய்க்குட்டி, பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செய்த பூ, ஹார்லிக்ஸ் பாட்டிலில் நட்ட மணிபிளான்ட். சிவகாசிக் காலண்டரில் தேதிக்கட்டு தீர்ந்ததும் படத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போடுவார்கள். பூஜை அறைச் சுவரில் பாதி அப்படி நிரம்பியதுதான். நவராத்திரி வந்தால் டிரங்குப் பெட்டி, ஸ்டூல், பழைய பலகை, தடித்த புத்தகங்கள் எல்லாம் வெள்ளை வேட்டிக்குள் ஒளிந்துகொண்டு கொலுப்படியாகும். கழிவுப் பொருளில் வீட்டை அலங்கரிக்கும் கலைக்குத் தமிழ்நாட்டில் வகுப்பு நடத்த வேண்டிய தேவையே இருந்ததில்லை. கொஞ்சம் வெட்கத்தோடு செய்துவந்தோம், அவ்வளவுதான். கையில் காசு புரண்டதும் முதலில் ஷோகேஸிலிருந்து வெளியேறியது வளையல் தோரணம்தான். அந்த இடத்தில் கடையில் வாங்கிய பீங்கான் வாத்து உட்கார்ந்தது.

போகி அன்று வீட்டைக் கழித்துக் கட்டுவதும் இந்தப் படிவரிசையின் கடைசிப் படிதான். அன்று எரிந்தது நைந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, பிய்ந்த முறம். எல்லாமே மண்ணில் விளைந்தவை. இன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் வந்து சேரும் பொருள்களின் இயல்பே மாறிவிட்டதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி கிடையாது.

வெளியே தள்ளிய காலம்

1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. அலுவலகங்கள் வந்தன, வாடகை வந்தது. அதே சமயத்தில் பௌர்ணமி கிரிவலக் கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. பதினான்கு கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் எந்த மனைக்கும் மதிப்பு கூடியது. மாட வீதிகளிலும் சன்னதித் தெருவிலும் திண்ணை வீடுகள் இடிந்து கடையாகவும் லாட்ஜாகவும் எழும்பின. ஆசிரமத்தைச் சுற்றி ரமண நகரில் வெற்று மனைகள் வீடுகளாயின.

இடித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டு ஓட்டை வருஷா வருஷம் மாற்றிப் போட வேண்டும். குரங்கு ஏறினால் அன்றைக்கே ஒழுகும். மண்சுவரில் கரையான், உத்திரத்தில் உளு, இருட்டறை, தனிக் கழிப்பறைக்கு இடமில்லை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மொசைக் தரை ஒரு விடுதலை. அடுப்படிப் பெண்களுக்கு மிக்ஸியும் கோயம்புத்தூர் கிரைண்டரும் அதைவிடப் பெரிய விடுதலை. 2011-இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதுவரை வாங்க முடியாமலிருந்த வீடுகளிலிருந்தும் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்துக்கு நகர்ந்தன. ரமணரே விடியுமுன் எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கிச் சட்னி அரைத்தவர்தான். ஆனால் அது அவராக எடுத்துக்கொண்ட வேலை. ஐந்து பேர் குடும்பத்துக்கு நாள் தவறாமல் மாவாட்டிய பெண்ணுக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. ஆட்டுக்கல்லைப் பார்த்து உருகுகிறவர்கள் பலரும் அதில் ஆட்டியவர்கள் அல்லர்.

ஆக, பொருள் வெளியே போனதில் நியாயம் இருந்தது. போன விதத்தில்தான் நஷ்டம். தேக்குத் தூணை விறகு எடைக்கும், பித்தளை அண்டாவை உருக்கும் எடைக்கும் கொடுத்தார்கள். வேலைப்பாட்டுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை.

வெளியூர்க் கண்

வேலைப்பாட்டுக்கு முதலில் காசு கொடுத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்தப் பகுதியில் அது இரண்டு திசையிலிருந்து வந்தது.

ஒன்று, கிழக்கே நூறு கிலோமீட்டர் தொலைவில் 1968-இல் உருவான ஆரோவில். அங்கே வீடு கட்டியவர்கள் பழைய கதவு, நாட்டு ஓடு, மண் கட்டி என்று சோதித்துப் பார்த்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே துணித்துண்டுகளில் உருவான ‘சுனாமிகா’ பொம்மையும், மீனவக் கிராமங்களையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செய்யும் கூடைகளும் கிண்ணங்களும் கழிவிலிருந்து கைவினை என்ற எண்ணத்தைப் பரப்பின. ஆரோவிலுக்கும் ரமணாசிரமத்துக்கும் இடையே போய்வரும் கூட்டம் எப்போதும் உண்டு. கார்த்திகையிலிருந்து மாசி வரை இங்கே தங்கும் வெளிநாட்டார் அந்த ரசனையையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, தெற்கே செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் நகரத்தார் கட்டிய பெருவீடுகள், பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் பிரிக்கப்பட்டன. பர்மா தேக்கு நிலைகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் போயின. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்குள் எத்தனையோ வீடுகள் துண்டு துண்டாகப் பயணப்பட்டுவிட்டன. பிரித்த வீட்டை வேறிடத்தில் முழுமையாக எழுப்பிக் காட்டவும் முடியும் என்பதற்கு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் சான்று. அதன் ஆரம்ப வடிவமைப்பில் பங்கு கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் தம் சொந்த வீட்டையே இடிந்த வீடுகளின் கதவு ஜன்னல்களையும் உடைந்த பாட்டில்களையும் வைத்துக் கட்டிக்கொண்டவர். கான்கிரீட் கூரையின் அடிப்பாதியில் பழைய மங்களூர் ஓடுகளை இட்டு நிரப்பி சிமெண்டைக் குறைக்கும் முறையைத் தென்னிந்தியாவில் பரவலாக்கியதும் அவர்தான்.

இந்த இரண்டு ஓட்டமும் கலந்த வீடுகள்தான் இன்று பெரும்பாக்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதையின் உட்தெருக்களிலும் நாம் பார்ப்பவை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓய்வுபெற்று வந்து குடியேறியவர்களும் இப்போது இதே பாணியில் கட்டுகிறார்கள்.

இவற்றோடு இந்தப் பகுதிக்கே உரிய மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பருவம் முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் மெத்தை, சைக்கிள், அடுப்பு, புத்தக அலமாரி, கொசுவலை எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த கார்த்திகைக்கு வேறொருவர் அதே கட்டிலை வாங்குவார். இப்படி ஒரே மூங்கில் அலமாரி நாலைந்து வீடு மாறி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வண்ணம் பூசிக்கொள்கிறது. எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாத இந்தக் கைமாற்றுதான், பழைய படிவரிசைக்கு இன்று மிச்சமிருக்கும் உண்மையான வாரிசு என்று எனக்குத் தோன்றுகிறது.

கதவு வாங்கப் போனால்

ரசனை வந்தபிறகு சந்தை வந்தது. சந்தை வந்தபிறகு போலியும் வந்தது. புது மரத்தைக் கறுப்புச் சாயம் ஏற்றி, சங்கிலியால் அடித்து வடுவாக்கி, எண்ணெய் பூசிப் ‘பழசு’ என்று விற்பது சாதாரணம். அனுபவமுள்ள தச்சர் கதவின் முகத்தைப் பார்க்க மாட்டார், முதுகைப் பார்ப்பார். கையால் இழைத்த பலகையின் பின்புறம் சமமாக இருக்காது, இழைப்புளி போன தடம் அலையலையாகத் தெரியும். மூட்டுகளில் ஆணிக்குப் பதில் மர முளை அறைந்திருக்கும். நாதாங்கி உரசிய இடத்தில் மட்டும் மரம் தேய்ந்திருக்கும். விரல் கணுவால் தட்டினால் வைரம் பாய்ந்த மரம் கணீர் என்று சொல்லும், உளுத்தது பொத்தென்று சொல்லும். ஊசித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் புழு இன்னும் உள்ளே வேலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய தேக்கின் பெருமை கற்பனை அல்ல. பல பத்தாண்டுகள் காற்றும் வெயிலும் பட்டு ஈரம் போன மரம் புது மரத்தைப் போல எளிதில் முறுக்கிக்கொள்ளாது, விரியாது. ஆனால் சிக்கல்களும் உண்டு. பழைய நிலைகள் தாழ்வானவை. குனிந்து நுழையக் கட்டிய காலத்து அளவு. அதனால் சுவர் எழுப்பிவிட்டு நிலை தேடக் கூடாது. நிலையை வாங்கிவைத்துக்கொண்டு அதன் அளவுக்குச் சுவரில் இடம் விட வேண்டும். உள்ளே புதைந்த ஆணி ஒன்று இயந்திர இழைப்புளியின் பிளேடை முறித்துவிடும். முதலில் ஆணி பிடுங்கும் வேலைக்கே ஒருநாள் போகும். அடுக்கடுக்காகப் பூசிய பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது சுற்றியிருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து. ஈரம் வைத்துச் சுரண்ட வேண்டும், முகத்தில் கவசம் வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் பழைய கதவு புதுக் கதவைவிடச் செலவு பிடிக்கும். சிக்கனத்தில் பிறந்த வழக்கம் இன்று செல்வத்தின் அடையாளமாகிவிட்டதன் காரணம் இதுதான்: மரம் மலிவு, கைக்கூலி அதிகம்.

ஓட்டில் ஒரு சந்தோஷம் உண்டு. பழைய மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் செய்த ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து வந்த எத்தனையோ ஆலைகளின் முத்திரைகள் நம்மூர்க் கூரைகளில் இருக்கின்றன. முழு ஓடு கூரைக்கு, உடைந்த ஓடு பாத்தி ஓரத்துக்கு, பொடித்த ஓடு சுண்ணாம்புச் சாந்துக்கு. ஒன்றும் வீணில்லை.

எதைத் தொடக் கூடாது

பழமை ஆசை எல்லை தாண்டும் இடம் ஒன்று உண்டு. தேர்ச் சிற்பம், வாகனத்தின் முகம், கல் விக்கிரகம் போன்றவை வரவேற்பறை மூலையில் விளக்கொளியில் நிற்பதைப் பார்க்கிறோம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பமும் கைவினைப் பொருளும் தொல்பொருள். சிற்பங்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் எவரும் அதை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புக்கென்றே 1983-இலிருந்து காவல் துறையில் தனிப் பிரிவு இருக்கிறது.

இந்த ஊருக்கு இது தூரத்து விஷயமல்ல. ஆசிரமத்தின் முன்னால் போகும் அதே சாலையில் மேற்கே போனால் வரும் செங்கம், நடுகற்களுக்குப் பேர்பெற்ற வட்டாரம். அங்குள்ள கல்வெட்டுகளை மாநிலத் தொல்லியல் துறை தனி நூலாகவே வெளியிட்டது. வயலோரம் சாய்ந்து கிடக்கும் பழங்கல் தோட்டத்து அலங்காரத்துக்குத் தோதாகத் தெரியலாம். அது ஆநிரை மீட்டு இறந்த ஒருவனின் நினைவாக நட்டதாக இருக்கலாம். எழுத்தோ உருவமோ இருக்கும் கல்லைப் பார்த்தால் வண்டிக்காரரைக் கூப்பிடாமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்வதே முறை.

செய்யும் கைகள்

பழசைத் தேடுகிற ஆர்வத்தில் பாதியாவது, இன்றும் கையால் செய்துகொண்டிருக்கிறவர்கள் பக்கம் திரும்பினால் நல்லது. வந்தவாசிக் கோரைப்பாய் இதே மாவட்டத்துப் பொருள். ஜவ்வாது மலையில் மூங்கில் முடைகிறவர்கள் இருக்கிறார்கள். கருங்கல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. வேலிக்கு நடும் கல்காலிலிருந்து வீட்டுக் கல்தொட்டி வரை உளியால் செய்துகொடுப்பார்கள். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சாந்திமலை அறக்கட்டளை கைவினைப் பயிற்சிக்கும் வேலைக்கும் வழிசெய்தது. மருதம் பண்ணைப் பள்ளி கைவினை வாரம் நடத்தி, முடைதலும் நெய்தலும் மரவேலையும் தெரிந்தவர்களைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவைக்கிறது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குப் பிறகு, மகளிர் குழுக்களில் துணிப்பை தைக்கும் கைகளும் கூடியிருக்கின்றன. வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஒட்டுத்துணி விரிப்பாகவும் கால்மிதியாகவும் ஆக்குவது அதன் இயல்பான அடுத்த படி.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கழிவில் செய்த கைவினை என்று கடையில் விற்கும் எல்லாம் கழிவைக் குறைப்பதில்லை. தெர்மாகோலையும் பளபளப்புத் தூளையும் பசையையும் புதிதாக வாங்கி, ஒரு பாட்டிலை அலங்கரித்தால், முன்பு மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய கண்ணாடி இப்போது எதற்கும் உதவாத கலவையாகிவிடுகிறது. காயலான் கடைக்காரர்கூட அதை எடுக்க மாட்டார். வளையல் தோரணம் செய்த அக்காமார்கள் புதிதாக வாங்கியது ஒரு மெழுகுவத்தி மட்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

இன்றைய மாற்றத்தில் லாபம் இருக்கிறது. பழைய தூண் விறகு எடைக்குப் போவது குறைந்திருக்கிறது. கிராமத்துப் பாட்டிக்குக்கூடத் தன் வீட்டுப் பித்தளை அண்டாவுக்கும் மரப்பெட்டிக்கும் விலை உண்டு என்று தெரிகிறது. பிளைவுட்டோடு போட்டியிட முடியாமல் இருந்த தச்சருக்கு, பழைய மரம் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் தெரிந்தவர்களைத் தேடி ஆள் வருகிறது.

நஷ்டமும் கண்கூடு. விலை உண்டு என்று தெரிந்ததும், இடிக்க வேண்டிய அவசியமே இல்லாத வீட்டிலிருந்தும் கதவு கழல்கிறது. சில ஆண்டுகளாக ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் அண்ணாமலையாரைத் தரிசிக்க வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தெலுங்குப் பலகைகள் தெருத்தெருவாக முளைத்திருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது இரவு தங்க ஒரு சுத்தமான அறை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகள் அறைக் கட்டடங்களாகும் வேகம் இதனால் கூடியிருக்கிறது. ஒரு பக்கம் இடிகிறது, மறுபக்கம் இடிந்ததை வாங்கி அலங்கரிக்கிறோம். இரண்டும் ஒரே தெருவில் நடக்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம், தெருவில் வந்துகொண்டிருந்த அந்தக் கைகள். அம்மி கொத்துகிறவர் வருவதில்லை. ஈயம் பூசுகிறவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அன்று பழசு பிழைத்தது ரசனையால் அல்ல. சரிசெய்கிற ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்ததால். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க முடியாது. அதனால் அது ஷோகேஸ் ஏறுகிறது. கொத்தாத அம்மியில் மிளகாய் அரைபடாது. அதனால் அது தோட்டத்துக்குப் போய்ப் பூச்செடி தாங்குகிறது. அலங்காரமாக மாறியதாக நாம் நினைக்கும் பல பொருள்கள், உண்மையில் பழுது பார்க்க ஆளில்லாமல் ஓய்வுக்குத் தள்ளப்பட்டவை.

ஆகவே பழைய பொருளால் வீட்டை அழகாக்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது. காரைக்குடிக்கு வண்டி பிடிக்கும் முன், சொந்தப் பரண்மேல் ஒருமுறை ஏறிப் பாருங்கள். எடுத்து வருவதை முடிந்தவரை அதன் வேலையிலேயே வையுங்கள்: கதவு திறந்து மூடட்டும், ஊஞ்சலில் யாராவது ஆடட்டும், பெட்டிக்குள் துணி இருக்கட்டும். வாங்கும் விலையைப் பேசும்போதே பராமரிக்கும் கூலியையும் ஒதுக்குங்கள். முடிந்தால் தச்சரிடம் ஒரு பையனையோ பெண்ணையோ வேலை கற்றுக்கொள்ள அனுப்பிவைத்து, அவர்கள் கற்கும் காலத்துக்குக் கூலி கொடுங்கள். நூறு வருஷம் நின்ற தேக்குக் கதவு இன்னும் நூறு வருஷம் நிற்கும். நடுவில் நாலைந்து முறை அதன் கீலை மாற்றவும் மூட்டை இறுக்கவும் தெரிந்த ஒருவர் இந்த ஊரில் இருக்க வேண்டும்.